சந்தனப் பொட்டு வைத்த இயந்திர வாள்

1

இன்று விஜயதசமி. ஊரில் இருப்பவர்கள் கோயிலில் வாழை வெட்டுப் பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தில் யார் காலை யார் மிதித்தது என்று இந்நேரம் கதைத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே எனக்கு இரண்டு தோளும் வலிக்கின்றன. எங்கள் சாமித்தட்டில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மூன்று நாளாக வீற்றிருந்துவிட்டு இன்று பின்னேரம் இறங்கி வந்த ஒரு செம்மஞ்சள் நிற இயந்திர வாள்தான் காரணம். மரம் தறிக்கிற சாமான். இந்த ஊரில் அதை மோட்டோசேகா என்பார்கள்.

போன வருஷம் இதே விஜயதசமியன்றுதான் அது முதன்முதலில் மரத்தைத் தொட்டது. அதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று மனைவி மலரிடம் சொன்னேன்.

“எழுதுங்கோ. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதோணும். நானும் வாசிப்பன்” என்றாள்.

ஆகவே என் வீரதீரங்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே எழுதவேண்டியிருக்கிறது.

நாங்கள் இருப்பது இத்தாலியின் பலெர்மோவில், மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகிற வழியில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், பெரிய வளவுக்குள். முன்னால் அவருடைய மாடிவீடு. பின்னால் காவற்காரனுக்கென்று கட்டிய இரண்டு அறை வீடு. அந்தக் காவற்காரன் நான். மலர் சிஞ்ஞோரா வீட்டில் சமையலும் துப்புரவும். கோடைகாலத்தில் நான் பின்னேரங்களில் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவவும் போவேன். சின்னவள் துஷி இங்கேதான் பிறந்தாள். பெரியவள் கௌசி அப்போது கொழும்பில், மலரின் அக்கா வீட்டில்.

தொண்ணூறில் நான் புறப்பட்டபோது கௌசிக்கு மூன்று வயது. இரண்டு வருஷம் கழித்து மலரைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், பிள்ளையைப் பிறகு அனுப்பலாம் என்றான். அந்தப் ‘பிறகு’ வருஷக்கணக்காக நீண்டுவிட்டது. முதலில் எங்களிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. வதிவிட அனுமதியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெர்மெஸ்ஸோ கிடைத்தபோது நிரந்தர வேலை இல்லை. வேலை கிடைத்தபோது வீடு இல்லை. கடைசியாக எல்லாம் கூடிவந்தன என்று நினைத்துக் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “வீடு குடும்பத்துக்கு ஏற்றது என்று ஜெயோமெத்ரா அளந்து எழுதித் தந்த தாள் எங்கே?” என்றார்.

ஜெயோமெத்ரா என்றால் வீடு வளவு அளந்து படம் கீறிக் கையொப்பம் வைக்கிறவர். அந்த ஒரு தாள்தான் மிச்சம். அது கிடைத்தால் கௌசி வருவாள்.

2

வந்த ஜெயோமெத்ரா நாற்பது வயது மதிக்கத்தக்க, தொப்பை வைத்த, அவசரக்கார மனிதர். முன் அறையை அளந்தார். தலையை ஆட்டினார். பின் அறைக்குள் போனார், லைட் சுவிட்ச் எங்கே என்று கேட்டார். அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி.

“இது படுக்கையறையா?”

“ஆம். மகளுக்கு.”

“மத்தியானத்தில் லைட் போட்டு அளக்கிற அறையைப் படுக்கையறை என்று நான் எழுதமாட்டேன். களஞ்சியம் என்றுதான் எழுதலாம்” என்றார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. அந்த அறையின் ஒரே யன்னலுக்கு முன்னால் மூன்று யூக்கலிப்டஸ் மரங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. உள்ளே வெயில் என்று ஒன்று வந்ததை நாங்கள் கண்டதே இல்லை. துஷிகூட அந்த அறையை “புயியோ அறை” என்பாள், அதாவது இருட்டறை. “மரத்தை எடுத்தால்?” என்று கேட்டேன். ஜெயோமெத்ரா சின்னக் கொப்பியைப் புரட்டினார். ஒக்டோபர் முதலாம் திகதி, வியாழன், காலை பத்து மணிக்கு வருவேன் என்றார். அதைவிட்டால் தை மாதம்தானாம்.

சிஞ்ஞோராவிடம் போய்க் கேட்டேன். எழுபது தாண்டியும் குரல் மட்டும் இறங்காத மனுஷி. அந்த மரங்களின் இலைகள் தன் கூரையில் மழைநீர் ஓடும் பீலியை அடைத்துக்கொண்டே இருக்கின்றன என்று அவருக்கும் நெடுநாள் கோபம்.

“வெட்டு. ஆனால் பக்கத்தில் நிற்கிற என் எலுமிச்சையில் ஒரு இலைகூட உதிரக் கூடாது. உனக்கு மரம் வெட்டத் தெரியுமா?”

“எங்கள் ஊரில் மரம் வெட்டாத ஆம்பிளை இல்லை, சிஞ்ஞோரா” என்றேன்.

இந்த இடத்தில் மலர் என்னை எழுதச் சொன்ன உண்மை வருகிறது. யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பிரசித்த நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவன். காணி உறுதிகளில் “வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர்” என்று ஆயிரம் மரங்களை வடிவான கையெழுத்தில் எழுதிக் கைமாற்றியிருக்கிறேன். மற்றபடி எனக்கும் மரத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. கோடரியை நான் கடைசியாகத் தூக்கியது பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக.

3

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து இரும்புக்கடையில்தான் அதைக் கண்டேன். பக்கத்துக் கடையில் கருவேப்பிலை வாங்கப் போனவன். கண்ணாடிக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் பளபளவென்று நின்றது. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கருவேப்பிலையை மறந்துவிட்டு உள்ளே போனேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. பெற்றோலையும் எண்ணெயையும் எப்படிக் கலப்பது, சங்கிலியை எப்படி இறுக்குவது என்று எல்லாம் காட்டினார். கடைசியில் பக்கத்தில் இருந்த சின்ன நெம்பு ஒன்றைத் தொட்டு, “இது சோக். இதை முதலில் இழு. பிறகுதான் கயிறு. இதை மறந்தால் நாள் முழுக்கக் கயிறுதான் இழுப்பாய்” என்றார். நான் எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

பெட்டியோடு கொண்டுவந்திருக்கலாம். ஆனால் புதுச்சாமான் வாங்கினால் நாலு பேர் பார்க்கவேண்டாமா? பெட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாளை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன். சனம் நெருக்கியடிக்கிற பஸ். என்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா வாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “மகனே, யாரோடு பிரச்சினை?” என்று கேட்டார்.

“மூன்று மரங்களோடு” என்றேன். பஸ்ஸே சிரித்தது. எட்டு வருஷத்தில் இந்த ஊர்க்காரர்களை அவர்கள் மொழியில் நான் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது டிரைவர்கூடக் கை காட்டினார். எனக்கு நெஞ்சு ஒரு முழம் அகன்றுவிட்டது.

4

வீட்டு வாசலிலேயே மலர் பிடித்துக்கொண்டாள்.

“உதென்ன?”

“மோட்டோசேகா. சனிக்கிழமை மூண்டு மரத்தையும் தறிச்சுப் போடுவன்.”

“இண்டைக்கு நவராத்திரி தொடங்கி நாலாம் நாள். புது இரும்பு. பூசையில வைக்காமல் உதைத் தொடக்கூடாது. சரஸ்வதி பூசைக்கு வைச்சு, விஜயதசமியண்டைக்குத்தான் எடுக்கிறது.”

நாட்காட்டியைப் பார்த்தேன். விஜயதசமி ஒக்டோபர் முதலாம் திகதி. வியாழன். ஜெயோமெத்ரா பத்து மணிக்கு வருகிற அதே வியாழன்.

“இஞ்சாரும், விசர்க்கதை கதையாதையும். அந்தாள் வந்து பார்க்கேக்கை மரம் நிண்டா எல்லாம் போச்சு. பிறகு தை மாதம்தான்.”

“விடியப்புறம் எடுத்து வெட்டுங்கோ. பத்து மணிக்குள்ள மூண்டு மரம் வெட்டேலாதோ? ஊரிலை வெட்டாத ஆம்பிளை இல்லையெண்டு சிஞ்ஞோராவுக்குச் சொன்னியளாம்?”

மலர் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆறு வருஷம் என்ரை பிள்ளையைப் பாராமல் இருக்கிறன். இதை மட்டும் நல்ல நேரத்திலை தொடங்குவம். எனக்காக.”

வாளைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தேன். நானும் நம்பாதவன் அல்ல. ஊரில் விஜயதசமியன்று அம்பாள் குதிரையேறி வந்து நிற்க, ஐயர் வாளை ஓங்கி வாழையை ஒரே வெட்டாக வெட்டுவார். வெட்டின வாழையில் ஒரு துண்டாவது எடுக்கவேண்டும் என்று பாய்ந்து, புது வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தவன் நான். அசுரன் விழுகிற நாள் அது. மூன்று யூக்கலிப்டஸ்களும் அசுரர்கள்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சரஸ்வதி பூசையன்று துஷியின் படப்புத்தகங்கள், என் பேனை, மலரின் தையல் கத்தரிக்கோல், அவற்றுக்குப் பக்கத்தில் மோட்டோசேகா. மலர் எதையும் குறைவாகச் செய்கிறவள் அல்ல. சந்தனத்தைக் குழைத்து வாளுக்கு மூன்று பட்டை, கைப்பிடிக்கு ஒரு பொட்டு, இயந்திரத்தில் நெற்றிபோல் தெரிந்த இடத்துக்கு ஒரு பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம், சுற்றிவர செவ்வந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி இருக்கமாட்டான். என் கல்யாணப் படம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

5

விடிய ஐந்தரைக்குத் தீபம் காட்டி வாளை இறக்கினேன். மாலையை எடுக்கக்கூடாது, முதல் வெட்டு மாலையோடுதான் என்று மலர் சொன்னாள். சங்கிலியில் சிக்கும் என்று நான் கெஞ்சியதால் ஒரே ஒரு செவ்வந்தியைக் கைப்பிடியில் கட்டிவிடச் சம்மதித்தாள். மரத்தின் அடியில் தேங்காய் உடைத்தோம். மரத்தைத் தொட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கயிற்றை இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

திரும்ப இழுத்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. ஆறு மணி, ஆறரை, ஏழு. ஷேர்ட்டைக் கழற்றினேன். துஷி படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நூறுவரைதான் எண்ணத் தெரியும். இரண்டாம் முறை ஒன்றிலிருந்து தொடங்கினாள். “அமுனீ, அப்பா!” என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது கத்துகிற மாதிரி உற்சாகப்படுத்தினாள். மாடியில் யன்னல் திறந்தது. சிஞ்ஞோரா எட்டிப்பார்த்து, “உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் வெட்டுவார்களா?” என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

சோக் எனக்கு நினைவில் இருந்தது, அம்மாணை. அந்த நெம்பைத்தான் தேடினேன். காணவில்லை. கடைக்காரர் காட்டின இடத்தில் பெரிய சந்தனப் பொட்டு ஒன்றுதான் இருந்தது. சாமிக்கு வைத்த பொட்டில் நகம் போட எனக்குக் கை வரவில்லை. வேறு பக்கத்தில் இருக்குமோ என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தேன்.

எட்டரைக்கு மலரின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, “நான்தான் மினக்கெடுத்திப்போட்டன்” என்றாள். “சனிக்கிழமை உங்களை வெட்ட விட்டிருக்கலாம்.” நான் திரும்பிப் பாராமல் கயிற்றை இழுத்தேன். பாட்டு, கோபம், பிள்ளையார், மலை மேலே இருக்கிற இந்த ஊர்ப் புனிதை ரொசாலியா அம்மன் எல்லோரையும் கூப்பிட்டு இழுத்தேன்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்க, ஜெயோமெத்ராவின் சின்னக் கார் படலைக்குள் நுழைந்து முற்றத்தில் நின்றது. மூன்று மரங்களும் நின்றன. நடுவில் நான், வியர்வையில் குளித்து, கையில் பூக்கட்டின வாளோடு.

அவர் இறங்கினார். மரங்களைப் பார்த்தார். உடைந்த தேங்காயைப் பார்த்தார். வாளைப் பார்த்தார்.

“புதிதா?” என்று கேட்டார்.

ஆம் என்றேன். மனிதரின் அவசரம் அப்படியே காணாமற்போய்விட்டது. கிட்டே வந்து, “கொடு பார்ப்போம்” என்று வாங்கினார். பிள்ளையை வாங்குகிற மாதிரித்தான் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பொட்டில் விரல் வைத்தார். காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினார். அதற்குக் கீழே, அசையாமல் இறுகிப்போய், சோக். விரலை மூக்கில் வைத்து மணந்தார்.

“இயந்திரத்துக்குச் சென்ட் பூசியிருக்கிறீர்களா?”

நான் மலரைப் பார்த்தேன். மலர் நிலத்தைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னேன். இன்று எங்களுக்குப் பண்டிகை, ஆயுதங்களைக் கும்பிட்டுத்தான் எடுப்போம், மூத்த மகள் வருவதற்கான மரம் என்பதால் மனைவி கொஞ்சம் அதிகமாகக் கும்பிட்டுவிட்டாள் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“என் அப்பாவும் அறுவடைக்கு முன் டிராக்டரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குவார். மலைக்கிராமம். ஆனால் பாதிரியார் சோக்கில் தண்ணீர் தெளித்ததில்லை” என்றார்.

நெம்பை இழுத்தார். கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுப்பில் வாள் அலறியது. துஷி காதைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். மலர் கையெடுத்துக் கும்பிட்டாள், வாளையா அவரையா என்று எனக்குத் தெரியாது. அவர் வாளை என்னிடம் நீட்டினார். “உன் மகள், உன் மரம். முதலாவதை நீ வெட்டு.”

விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய்போல் பிளக்கவேண்டும், பிறகு பின்பக்கத்தால் அறுக்கவேண்டும் என்று காட்டித்தந்தார். மரத்தூள் மூக்கில் ஏறியது. மரம் முதலில் முனகியது, பிறகு மெல்லச் சாய்ந்தது, பிறகு தடாலென்று விழுந்தது. எலுமிச்சையில் ஒரு இலை உதிரவில்லை. வளவே தைலப்போத்தல் திறந்ததுபோல் மணத்தது. நான் ‘ஓ’ என்று கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

இரண்டாவது மரத்தின்போது ஜெயோமெத்ரா மேற்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டார். மூன்றாவதில் எனக்கு வாள் தரவேயில்லை. “பார், இதுதான் என் அப்பா வெட்டுகிற முறை” என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். அப்பா முறையில் எங்கோ பிசகிவிட்டது. மரம் ஒரு சுற்றுச் சுற்றி, படலைக்குக் குறுக்கே பாதையை மறித்து நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. அவருடைய கார் உள்ளே.

மேலே யன்னலில் சிஞ்ஞோரா கை தட்டினார்.

பாதையைத் துப்புரவாக்க மத்தியானம் தாண்டிவிட்டது. இருவரும் மாறிமாறி அறுத்தோம். நடுவில் மலர் சர்க்கரைப் புக்கையும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைத்தாள். கடலைக்குள் செத்தல் மிளகாய் கிடக்கிறது என்று நான் சொல்லுமுன் அவர் கடித்துவிட்டார். கண்ணில் நீர் வழிய, இன்னும் கொஞ்சம் போடு என்று கோப்பையை நீட்டினார்.

கை கழுவிவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின் அறைக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம். யன்னலால் வந்த வெயில் நிலத்தில் பாய்விரித்தமாதிரி கிடந்தது. அந்த அறையின் சீமெந்துத் தரைக்குப் பச்சை நிறம் என்பதை அன்றுதான் நான் கண்டேன். துஷி போய் அந்த வெயிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டாள். அளக்க இடைஞ்சல், எழும்பு என்று மலர் அதட்டினாள்.

“இருக்கட்டும்” என்றார் ஜெயோமெத்ரா. சுவிட்ச் எங்கே என்று கேட்கவில்லை. தாளில் ‘படுக்கையறை’ என்று எழுதி எங்களுக்குக் காட்டிவிட்டுக் கையொப்பம் வைத்தார். மலர் அப்போதுதான் அழுதாள். நானும்தான். எழுதச் சொன்னவள் அவள், மறைக்க முடியாது.

6

சித்திரையில் கௌசி வந்திறங்கினாள். பன்னிரண்டு வயது. நான் விட்டுவந்த பிள்ளை என் முழங்காலளவு. வந்தவள் மலரின் தோளளவு. வரும் வழியெல்லாம் கார்க் கண்ணாடியால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். “பசிக்குதோ?” என்றேன். “இல்லை” என்றாள். “களைப்போ?” “இல்லை.”

தாயோடு நாலு நாளில் ஒட்டிக்கொண்டாள். துஷியோடு இரண்டே நாள். ஒருத்தி இத்தாலியனில் சண்டை பிடிப்பாள், மற்றவள் தமிழில் திருப்பிக் கொடுப்பாள், இருவருக்கும் எல்லாம் விளங்கும். என்னிடம் மட்டும் மரியாதை. கேட்டால் பதில், கொடுத்தால் வாங்குவாள். ஒன்று மட்டும் இல்லை. அவள் என்னை எதுவென்றும் கூப்பிடுவதில்லை. என்னிடம் ஏதாவது தேவையென்றால் நான் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் வந்து நிற்பாள். தொலைபேசியிலும் அப்படித்தான் இருந்தது. ஞாயிறுகளில் கொழும்புக்கு எடுத்தால் “ஓம், சுகம்” என்பாள். பின்னணியில், பெரியம்மாவின் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியப்பாவை “அப்பா, ஃபோன்” என்று அவள் கூப்பிடுவதும் எனக்குக் கேட்கும். அந்த மனுஷன் என் பிள்ளையைப் பொன்போலப் பார்த்தவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வலித்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக வலித்தது.

“கேட்டு வாங்கிற சாமானே உது? பொறுங்கோ” என்பாள் மலர். பொறுத்தேன். ஆறு மாதம்.

யூக்கலிப்டஸை வெட்டினால் செத்துப்போகும் என்று நினைத்தது என் அறியாமை. அடிக்கட்டைகளிலிருந்து கொத்துக்கொத்தாகத் தளிர்த்து, ஒரே கோடையில் யன்னலை மறுபடி மறைக்கத் தொடங்கிவிட்டன. அதனால் இந்த வருஷமும் வாள் பூசைக்கு ஏறியது. பொட்டு வைக்கும் வேலையைக் கௌசி எடுத்துக்கொண்டாள். தாய் எல்லாக் கதையும் சொல்லியிருக்கவேண்டும். சோக்கை விட்டு விலகி, கைப்பிடியில் ஒரு சின்னப் பொட்டு, அளந்து வைத்தமாதிரி.

இன்று பின்னேரம் பிள்ளைகள் பள்ளியால் வந்தபிறகு வாளை எடுத்துக்கொண்டு அடிக்கட்டைக்குப் போனேன். அந்த அறை யன்னலில் இரண்டு தலைகள். பார்வையாளர் இருந்தால் எனக்குத் தலைகால் புரியாது என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். காலை அகட்டி வைத்து, கயிற்றை வீரமாக இழுத்தேன். சத்தமில்லை. இன்னொருமுறை. அப்போதுதான் நினைவு வந்தது, சோக்கை இழுக்கவில்லை. கையை அதற்குக் கொண்டுபோனேன்.

“அப்பா! உந்தச் சின்ன நெம்பை முதல்ல இழுங்கோ! வருஷா வருஷம் ஆரும் வந்து சொல்லோணுமோ உங்களுக்கு?”

துஷியின் குரல் அல்ல. துஷிக்கு இவ்வளவு நல்ல தமிழ் வராது.

கை நெம்பில் இருந்தது. எடுத்துவிட்டேன். காது கேளாதவன்போல் குனிந்து, சும்மா கயிற்றை இன்னும் ஒருமுறை இழுத்தேன்.

“அப்பா!” என்றாள், முதலைவிடச் சத்தமாக.